கதிர் உருவாகும் பருவம் என்றால் எப்போது?

மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தையில், தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. இப்படி ஒரு தொழில் செய்வோர் தங்களுக்குள் மட்டும் வழங்கும் குறிப்பை இலக்கணத்தில் 'குழூஉக்குறி' என்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பழைய உதாரணங்கள். குடித்தவன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான் அல்லவா, பொருத்தமான பெயர்தான்!

நமக்கும் இப்படிச் சொற்கள் உண்டு. தஞ்சைப் பகுதி விவசாயி 'மூன்று மா நடவு' என்றால், மா ஒன்றுக்கு 100 குழி, அதாவது 33 சென்ட், ஆக ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று அவ்வூராருக்கு விளங்கும். வெளி மாவட்டத்துக்காரர் விழிப்பார். தமக்குள் பேசிக்கொள்ளும் வரை இதனால் கெடுதல் இல்லை. வேலை சீக்கிரம் நடக்கிறது. அந்தச் சொல் மட்டும் வெளியே வந்து, அதன் பொருள் உள்ளேயே தங்கிவிடும்போதுதான் நஷ்டம் வருகிறது. வேளாண்மைத் துறையின் துண்டுப் பிரசுரங்களில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம்.

நெல்லுக்கு மேலுரம் இடுவது பற்றிய பரிந்துரையில் 'கதிர் உருவாகும் பருவம்' என்று ஒன்று வரும். இதைப் படிக்கும் விவசாயி, கதிர் கண்ணுக்குத் தெரியும் சமயம் என்றே நினைத்துக்கொள்கிறார். விஞ்ஞானி சொல்வது அதுவல்ல. தண்டுக்குள்ளே, அடிக் கணுவுக்கு மேல், கதிரின் கரு தோன்றும் சமயத்தை அவர் சொல்கிறார். அதற்கும் கதிர் வெளிவருவதற்கும் ஏறத்தாழ நான்கு வார வித்தியாசம் இருக்கிறது. 'தொண்டைக்கதிர்' என்று நாம் சொல்லும் நிலைகூட இதற்கு வெகு நாள் பிந்தியதே.

கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பது, கதிர் தண்டுக்குள் வளரும் அந்த வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. கதிர் தலைகாட்டிய பிறகு யூரியாவை அள்ளிப் போட்டாலும் மணிகளின் எண்ணிக்கை கூடாது. தழை கறுத்து, இலைச் சுருட்டுப் புழுவும் குலைநோயும் வர வழி செய்ததாகவே ஆகும்.

இந்தப் பருவத்தைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. அறுவடைக்குச் சுமார் 65 நாள் முன்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 135 நாள் ரகத்தில் விதைத்த 70ஆம் நாள் வாக்கிலும், 110 நாள் ரகத்தில் 45ஆம் நாள் வாக்கிலும் வரும். நாற்றங்கால் நாட்களும் இதில் சேர்த்தி. அந்த நாள் நெருங்கும்போது, நாலைந்து இடங்களில் தாய்த் தூரைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே பஞ்சு நுனி போல வெள்ளையாக ஓரிரு மில்லிமீட்டர் அளவில் தெரிந்தால் அதுதான் கதிரின் கரு. மேலுரம் இட வேண்டிய சமயமும் அதுவே.

அடுத்தது 150:50:50 என்ற கணக்கு. மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை இது. இதில் இரண்டு விஷயங்கள் மறைந்திருக்கின்றன. இது எக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு உரியது. மேலும் இது தழை, மணி, சாம்பல் சத்துகளின் கிலோ. உரத்தின் கிலோ அல்ல. ஏக்கருக்கு 60:20:20 என்று வகுத்த பிறகு, 60 கிலோ யூரியா போட்டால் போதும் என்று நினைப்பவர், வேண்டியதில் பாதிகூடப் போடவில்லை. யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்து. 60 கிலோ சத்துக்கு 130 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். 20 கிலோ மணிச்சத்துக்கு, 16 சதவீதம் உள்ள சூப்பர் பாஸ்பேட் இரண்டரை மூட்டை. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் 33 கிலோ. சூப்பருக்குப் பதில் டி.ஏ.பி. 44 கிலோ போட்டால், அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. அப்போது யூரியா 113 கிலோ போதும். மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். மூட்டையில் 20:20:0:13 என்று நான்காவதாக ஓர் எண் இருந்தால் அது கந்தகம்.

நிறங்களும் ஒருவகைக் குழூஉக்குறிதான். விதை மூட்டையில் நீல அட்டை இருந்தால் சான்று பெற்ற விதை. பூச்சிமருந்து டப்பாவில் நீல முக்கோணம் இருந்தால் நடுத்தர விஷம். சிவப்பு மிகக் கடுமையானது, மஞ்சள் அதற்கு அடுத்தது. பச்சை என்றால் விஷமே இல்லை என்று எண்ணி வெறுங்கையால் கலக்கக் கூடாது, அதுவும் விஷமே.

வேளாண் உதவி அலுவலர் ஊருக்கு வரும்போது, அவர் சொல்லும் அளவு ஏக்கருக்கா எக்டேருக்கா, சத்தின் கிலோவா உரத்தின் கிலோவா, நாள் கணக்கு விதைத்ததிலிருந்தா நட்டதிலிருந்தா என்று தயங்காமல் கேளுங்கள். அவரைப் பார்க்க முடியாவிட்டால், 1800 180 1551 என்ற கட்டணமில்லாக் கிசான் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.