உயரத்தில் நம்மைத் தாங்கும் கொளுக்கி

பலெர்மோவில் எம்மவரில் பலருக்கு வீட்டு வேலையும் துப்புரவு வேலையுமே வாழ்வாதாரம். மாடி யன்னலின் வெளிப்புறத்தைத் துடைப்பதும் பல்கனிக்கு நிறம் பூசுவதும் அதில் அடங்கும். அந்த உயரத்தில் எம்மைத் தாங்க வேண்டிய பாதுகாப்புப் பட்டியையும் கொளுக்கியையும் எதை வைத்து நம்புவது?

ஊரில் பனை ஏறுபவர் தன் தளைநாரைத் தானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் கால் வைப்பார். தொழிற்சாலைப் பொருளைச் செய்தவரையோ நாம் காண்பதேயில்லை. எனவே செய்தவரின் பெயரையும் சட்டத்தின் முத்திரையையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

பெயருக்கு நல்ல உதாரணம் இத்தாலியின் வடக்கே, லெக்கோ மாகாணத்து மலையூரான பிரெமானாவில் உள்ள 'காம்ப்' நிறுவனம். கத்தி, கத்தரிக்கோலுக்குப் பேர்போன அவ்வூரில் 1889இல் நிக்கோலா கொதேகா ஓர் இரும்புப் பட்டறை தொடங்கினார். 1920இல் இத்தாலிய இராணுவத்தின் மலைப்படைக்குப் பனிக்கோடரி செய்யும் வேலை கிடைத்தது. பின்னர் மலையேறும் கருவிகள், அதன்பின் உயரத்தில் வேலை செய்வோருக்கான கருவிகள் என்று தொழில் விரிந்தது. 1997இல் புகழ்பெற்ற மலையேறி ரிக்கார்தோ கசினின் பெயர் தாங்கிய கருவித் தொழிலையும் வாங்கினார்கள். இன்றும் அது கொதேகா குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. வணிகக் கணக்கில் 'நன்மதிப்பு' என்றொரு சொத்து உண்டு. இத்தொழிலில் ஒரு கொளுக்கி முறிந்தாலே போதும், தலைமுறைகளாகச் சேர்த்த அந்தச் சொத்து கரைந்துவிடும்.

ஆனாலும் பெயரை மட்டும் நம்பிச் சட்டம் விடுவதில்லை. உயரத்திலிருந்து விழுவதைத் தடுக்கும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016/425 ஒழுங்குவிதி மிக ஆபத்தான மூன்றாம் வகையில் வைத்திருக்கிறது. செய்பவரைச் சாராத ஒரு நிறுவனம் அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். வாங்கும்போது பாருங்கள்:

• 'சி.இ.' குறியும், அதனருகே பரிசோதித்த நிறுவனத்தின் நான்கு இலக்க எண்ணும்.
• முழு உடற்பட்டியில் இ.என். 361, கொளுக்கியில் இ.என். 362. இடுப்புப் பட்டி மட்டும் விழுபவரைத் தாங்குவதற்கானதல்ல.
• கொளுக்கியின் பலம். 22 கிலோ நியூட்டன் என்றால் ஏறக்குறைய 2,200 கிலோ எடை. ஆனால் அது நெடுக்காக, வாய் பூட்டியிருக்கும்போது மட்டுமே. வாய் திறந்திருந்தால் பலம் வெகுவாகக் குறையும்.

ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டியை மீண்டும் அணியக்கூடாது.

இத்தாலியின் 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்கச் சட்ட ஆணைப்படி, 2 மீற்றருக்கு மேலிருந்து விழும் ஆபத்துள்ள வேலை உயரத்து வேலையாகும். தேவையான கருவியையும் பயிற்சியையும் முதலாளி இலவசமாகத் தர வேண்டும். துப்புரவு நிறுவனத்திலோ நிறம் பூசும் நிறுவனத்திலோ வேலை செய்பவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டு வேலையாளரோ அந்த ஆணையின் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவதில்லை. எம்மவரில் அதிகம் பேர் நிற்பது அந்த வரையறைக்கு வெளியேதான். ஆகவே சின்யோரா யன்னல் விளிம்பில் ஏறித் துடைக்கச் சொன்னால், உள்ளே நின்றபடி கைக்கு எட்டும்வரை துடைப்போம், மிச்சத்துக்கு அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடுவோம்.