நம் பேரேடு யார் கையில்?

எந்தச் சரக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை எதிர்க்கடைக்காரரிடம் நாம் சொல்வதில்லை. பேரேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். அமேசானில் கடை போட்ட வியாபாரிகளுக்கு அந்தப் பூட்டு இல்லை. விற்ற எண்ணிக்கை, வசூல், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் அமேசானின் கணினியிலேயே பதிவாகிறது. அதே இடத்தில் அமேசானும் சொந்தமாக விற்கிறது. கட்டடக்காரரே போட்டிக் கடைக்காரர்!

இந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான் அமேசான் தன் வியாபாரத்தை நடத்துகிறது என்று ஐரோப்பிய ஆணையம் 2020 நவம்பரில் முதற்கட்டமாகக் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில், வியாபாரிகளின் இரகசிய விவரங்களைத் தன் சில்லறை விற்பனைக்குப் பயன்படுத்துவதில்லை என அமேசான் உறுதி கொடுத்தது. அபராதம் இல்லாமல் வழக்கு முடிந்தது. உறுதியை மீறினால், உலக அளவில் அதன் மொத்த விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம். அந்த உறுதி நம் நாட்டுக்குப் பொருந்தாது. எனவே இணையத்தில் சரக்கு ஏற்றும் நம் அன்பர்கள், விற்பனை விவரத்தை யார் யார் பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் கொடுக்கவும்.