ஆலயமில்லா நகரம்

மனிதன் நிறைவுடன் வாழ என்ன வேண்டும்? அனைவருக்கும் வேலையும் உறைவிடமும் அளித்தால் போதும் என்றது பொதுவுடைமை. உரிமையும் செல்வமும் பெருகினால் போதும் என்கிறது முதலாளித்துவம். இவ்விரு விடைகளையும் வாழ்ந்து பார்த்த நகரம் ஒன்று போலந்து நாட்டில் உண்டு.

கிராக்கோ மாநகரின் கிழக்கே, 1949-இல் கட்டத் தொடங்கப்பெற்ற நோவா ஹூட்டா அது. லெனின் பெயர் தாங்கிய எஃகு ஆலையின் தொழிலாளருக்கெனப் பொதுவுடைமை அரசு அமைத்த நகர். வேலை, வீடு, பள்ளி, மருத்துவமனை யாவும் கிடைத்தன. வறுமையில் வாடிய சிற்றூர் மக்களுக்கு இவை பெரும் பேறு என்பதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் நகரின் வரைபடத்தில் ஆலயத்திற்கு மட்டும் இடமில்லை.

ஆலயம் எழுப்ப வேண்டி மக்கள் நட்டிருந்த சிலுவையை, 1960 ஏப்ரல் 27 அன்று அகற்ற முற்பட்டது அரசு. எதிர்த்து நின்றவர் யார்? எந்தத் தொழிலாளரின் பெயரால் ஆட்சி நடந்ததோ அவர்களும், அவர்தம் இல்லப் பெண்டிருமே! சிலுவை நிலைத்தது. திறந்தவெளியில் அவர்களுக்குக் கிறிஸ்து பிறப்புவிழா நள்ளிரவுத் திருப்பலி நிறைவேற்றி வந்த ஆயர் வொய்த்திலா, கர்தினாலாக உயர்ந்தபின் 1977-இல் அங்குப் புதிய ஆலயத்தை அர்ச்சித்தார். மறு ஆண்டே அவர் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரானார்.

1989-இல் ஆட்சி மாறிற்று. உரிமை வந்தது; சந்தையும் வந்தது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் உழைத்த ஆலையில் ஆட்கள் குறைந்துகொண்டே போயினர். 2020-இல் அதன் ஊதுலை நிலையாக மூடப்பட்டது. ஆலயத்திற்கு இப்போது தடையில்லை. ஆனால் உழைப்பாளி கணக்கேட்டில் ஒரு செலவாகிவிட்டான்.

இளமையில் கல்லுடைத்தும் இரசாயனத் தொழிற்சாலையில் பாடுபட்டும் வாழ்ந்தவர் அத்திருத்தந்தை. உழைப்பைப் பற்றி 1981-இல் அவர் வெளியிட்ட சுற்றுமடல் நமக்கு உணர்த்துவது இதுவே: மனிதனை வெறும் கருவியாக நடத்துவதே பிழையின் வேர், எந்த அமைப்பிலும் அது முளைக்கக்கூடும். உழைப்பு மனிதனுக்காகவே உள்ளது. மனிதனோ கடவுளின் சாயல்.

இவ்வேர் நம் இல்லங்களிலும் முளைவிடவில்லையா? மகனின் மதிப்பைச் சம்பளத்தால் அளக்கிறோம்; மணமகளை நகையால் நிறுக்கிறோம்; உழைத்து ஓய்ந்த முதியவரைச் சுமையென்கிறோம். அன்பர்களே, இன்று மாலை குடும்ப செபத்திற்குக் கூடும்போது, அம்முதியவரின் கரம் பற்றி அழைத்துவந்து நம் நடுவில் அமர்த்துவோம்.