கடைக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

திருவில்லிபுத்தூரில் பால்கோவா செய்வோரும், இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்வோரும் வருமான வரியென்றாலே அஞ்சுவதைக் காண்கிறோம். அச்சம் எதற்கு? தொழிலுக்கென்றே செய்த செலவை வருமானத்தினின்று கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது; 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அந்நெறியையே கொண்டுள்ளது. விறகு, சர்க்கரை, கூலி, வாடகை, மின்கட்டணம் யாவும் கழியும். கடைப் பெட்டியிலிருந்தே எடுத்தாலும் மகளின் திருமணச் செலவு கழியாது. புதிய தறியின் விலை தேய்மானமாக ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே கழியும்.

பலர் இடறுவது ரொக்கத்தில்தான். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், செலவு மெய்யானதேயாயினும் கழிவு கிடையாது. நூல் வியாபாரிக்கு 40,000 ரூபாயை நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தவர், அந்த 40,000 ரூபாயையும் இலாபமாகக் கொண்டு வரி செலுத்த நேரிடும். அதையே வங்கி வழியாக அனுப்பியிருந்தால் தொல்லையில்லை. பால்கோவாக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: மாடு வளர்ப்பவரிடமே நேரில் பால் வாங்கினால் இவ்வரம்பு தடையன்று. இடையில் வாங்கி விற்பவரிடம் வாங்கினாலோ தடையுண்டு!

விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழி வரவானால் 6 விழுக்காட்டை, இலாபமாகக் காட்டும் எளிய முறையும் சிறு தொழிலருக்கு உண்டு. அதை மேற்கொள்வோர் இச்செலவுகளைத் தனியே கழிக்க இயலாது.