தூங்கப் போன கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை!

இரவு மணி 2.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம். ஊர் தூங்குகிறது. ஏரிக்கரை இருட்டில் கிடக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் மட்டும் பகல் போல விளக்கு எரிகிறது. அங்கே "நைட் ஷிப்ட்" நடக்கிறது.

ஒரு தொழிற்சாலையில் பெட்டிகள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. இளம்பெண் ஒருத்தி ஒவ்வொரு பெட்டியிலும் "லேபிள்" ஒட்டுகிறாள். பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் லேபிள் அச்சாகி வரும்.

திடீரென்று லேபிள் வரவில்லை!

திரையில் இருந்த கடிகாரம் 2 மணி 7 நிமிடத்தில் நின்றுவிட்டது. "மவுஸ்" அசையவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் இல்லை. பெட்டிகள் தேங்கின.

சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"என்னம்மா செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலை சார். தானா ஹேங் ஆயிடுச்சு!"

அவர் நம்பவில்லை. "ஒண்ணும் செய்யாம எப்படி நிக்கும்?" என்று கடிந்து கொண்டார்.

இது கற்பனைக் காட்சி. ஆனால், கம்ப்யூட்டர் இப்படி நிற்பது கற்பனை அல்ல. பல நாடுகளில், பலருடைய கம்ப்யூட்டர்கள் இப்படி நின்றிருக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. கண்டுபிடித்தபோது எல்லோரும் திகைத்தார்கள்.

ஏன் தெரியுமா? ஒன்றும் செய்யாமல் இருந்தபோதுதான் அந்தக் கம்ப்யூட்டர்கள் நின்றன!

பந்தியை நடத்தும் பெரியவர்

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது, சமையல் கட்டுக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு பெரியவர் நிற்பார். அவர் சமைக்கமாட்டார், சாப்பிடவும் உட்காரமாட்டார். "அந்த இலைக்குச் சோறு போடு, இந்த இலைக்குச் சாம்பார் கொண்டு வா" என்று ஏவிக்கொண்டே இருப்பார். அவர் இல்லாவிட்டால் பந்தி குழம்பிவிடும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு பெரியவர் உண்டு. அவர் பெயர் "கர்னல்". எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எந்தத் தகவலை எங்கே வைப்பது, அச்சு யந்திரத்துக்கு எப்போது ஆணை அனுப்புவது என்பதை எல்லாம் முடிவு செய்வது கர்னல்தான்.

"லினக்ஸ்" என்பது அப்படிப்பட்ட ஒரு கர்னல். பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் அதை 1991-ல் உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்; யாரும் திருத்தலாம். "ஆண்ட்ராய்டு" செல்போன்களுக்குள் இருப்பதும் இந்த லினக்ஸ் கர்னல்தான். மத்திய அரசு நிறுவனமான "சி-டாக்"கின் சென்னை மையம், லினக்சை அடிப்படையாக வைத்து "பாஸ்" என்ற மென்பொருள் தொகுப்பை உருவாக்கியது. அதில் தமிழிலும் வேலை செய்யலாம்.

ஏறத்தாழ 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை புதிய லினக்ஸ் கர்னல் வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். பெரும்பாலும் அவை நன்மைக்கே. எப்போதாவது ஒன்று, எங்கோ ஓர் யந்திரத்தில் இடக்கு செய்துவிடும்.

தூக்கத்தில் வந்த வினை

2013-ல் "இன்டெல்" நிறுவனம் "பே டிரெயில்" என்ற வகைச் சில்லுகளை வெளியிட்டது. விலை குறைவு, மின்சாரச் செலவும் குறைவு. ஆகவே, மலிவான மடிக்கணினிகளிலும், தொழிற்சாலைகளுக்கு ஏற்ற சின்னக் கம்ப்யூட்டர்களிலும் இவை நிறைய இடம் பிடித்தன.

மின்சாரச் செலவு குறைந்தது எப்படி? தூக்கத்தால்தான்!

நாம் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள், சில்லு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடும். லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று அதற்குப் பல படிகள் உண்டு. தூக்கம் ஆழமானால் மின்சாரம் அதிகமாக மிச்சமாகும். எப்போது தூங்கலாம், எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று சொல்வது கர்னலின் பொறுப்பு.

2014-க்குப் பிறகு, புதிய கர்னலைப் போட்டுக்கொண்ட பலர் குறை சொல்லத் தொடங்கினார்கள். "பழைய கர்னலில் நன்றாக ஓடியது. புதியதைப் போட்டதிலிருந்து திடீர் திடீரென்று நிற்கிறது" என்றார்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் நின்றது. இன்னொருவருக்கு இரண்டு நாள் கழித்து நின்றது. நேரம் காலம் எதுவும் பிடிபடவில்லை.

கர்னல் குறைகளைப் பதிவு செய்யும் ஏட்டில், 2015 டிசம்பரில் இந்தக் குறை ஏறியது. அதன் எண் 109051. "எனக்கும் அப்படித்தான்" என்று நூற்றுக்கணக்கான கடிதங்கள் அதன் கீழே குவிந்தன.

ஒரு கைவைத்தியமும் கிடைத்தது. "ஆழ்ந்த தூக்கம் வேண்டாம், லேசான தூக்கம் போதும்" என்று கர்னலுக்கு ஒரு வரி ஆணை கொடுத்தால், கம்ப்யூட்டர் நிற்கவில்லை! ஆனால், பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. நோய் எங்கே என்பது தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை.

ஒரே கயிறு, இரண்டு கை

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் டி கூடே என்ற நிபுணர் இதை ஆராய்ந்தார். ஒரு முக்கியமான காரணம் வெளிப்பட்டது.

பே டிரெயில் சில்லு உள்ள பல யந்திரங்களில், மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு தனிச் சில்லு இருக்கிறது. அதோடு பேசுவதற்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. கர்னலும் அந்தப் பாதையில்தான் பேசவேண்டும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது, பெரிய சில்லுக்குள் இருக்கும் மின்சாரக் காவலனும் அதே பாதையில்தான் பேசவேண்டும்.

ஊர்க் கிணற்றில் ஒரே கயிறு. ஒருவர் வாளியை இறைத்துக்கொண்டு இருக்கும்போது, இன்னொருவர் அதே கயிற்றைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? கயிறு சிக்கிக்கொள்ளும். இருவருக்கும் தண்ணீர் கிடைக்காது. கம்ப்யூட்டருக்குள்ளும் அதுதான் நடந்தது!

"நான் இந்தப் பாதையில் பேசி முடிக்கும் வரை யாரும் ஆழ்ந்து தூங்கக்கூடாது" என்ற கட்டுப்பாடு 2017-ல் கர்னலில் சேர்க்கப்பட்டது. அந்த வகை யந்திரங்களின் தொல்லை அதனால் குறைந்தது.

எல்லா ஹேங்குக்கும் இதுவே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. 2017-ல் "ஏ.எம்.டி." நிறுவனம் "ரைசன்" சில்லுகளை வெளியிட்டது. அவற்றிலும் சில, வேலை இல்லாத நேரத்தில் நின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் அவை இழுக்கும் கரண்டு மிக மிகக் குறைவு. அவ்வளவு குறைந்த கரண்டில் சில "பவர் சப்ளை"களால் நிலையாக இருக்க முடியவில்லை. கரண்டு அந்த அளவுக்கு இறங்காமல் தடுக்க, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில் ஒரு வசதி பிறகு சேர்க்கப்பட்டது. அதை மாற்றி வைத்ததும் பலருக்கு நிம்மதி வந்தது.

பத்தாயிரத்தில் ஒன்று

10 ஆயிரம் மாற்றங்களில் கெடுதல் செய்தது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாதி மாற்றங்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். நின்றால், குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறான். நிற்காவிட்டால், மறுபாதியில் இருக்கிறான். 10 ஆயிரம் 5 ஆயிரம் ஆகும். 5 ஆயிரம் 2,500 ஆகும். இப்படி 14 சோதனையில் குற்றவாளி பிடிபட்டுவிடுவான்!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், நினைத்தபோது நிற்கும் யந்திரத்தில் ஓர் ஆபத்து உண்டு.

சராசரி ஒரு நாளைக்கு ஒருமுறை நிற்கும் கம்ப்யூட்டரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறோம். நிற்கவில்லை. "குணமாகிவிட்டது" என்று சொல்லலாமா? கூடாது! குறை அப்படியே இருந்தாலும், ஒரு நாள் நிற்காமல் ஓடுவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. மூன்று நாள் நிற்காமல் ஓடினால்தான், நூற்றுக்கு 95 பங்கு நம்பலாம். அவசரப்பட்டால் நிரபராதி மாட்டிக்கொள்வான்.

பெரிய நிபுணர்களே இதில் திண்டாடி இருக்கிறார்கள். 2014 நவம்பரில், டேவ் ஜோன்ஸ் என்ற கர்னல் நிபுணரின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. சில சமயம் ஒரு நாளுக்கு மேல் ஓடிவிட்டு நின்றது. டார்வால்ட்சே தேடுதலில் இறங்கினார். வாரக்கணக்கில் தேடினார்கள். அந்த ஒரு யந்திரத்தின் கடிகாரப் பகுதி மீது சந்தேகம் விழுந்தது. முடிவு கிடைக்காத நிலையிலேயே, டிசம்பர் 7-ந் தேதி 3.18 கர்னல் வெளிவந்தது.

உங்கள் வீட்டில் நின்றால்...

வீட்டிலோ கடையிலோ லினக்ஸ் கம்ப்யூட்டர் நின்றால் என்ன செய்யவேண்டும்? பதறாதீர்கள். உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

முதலில், "கேப்ஸ் லாக்" பொத்தானை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கர்னலுக்கு உயிர் இருக்கிறது. திரை மட்டும் நின்றிருக்கலாம். விளக்கு அசையவே இல்லை என்றால், முழுவதும் நின்றிருக்கக்கூடும். விளக்கு தானாகவே விட்டு விட்டு மின்னினால், கர்னல் தானே "என்னால் முடியவில்லை" என்று கை விரித்துவிட்டது என்று பொருள்.

உயிர் இருந்தால், "ஆல்ட்", "பிரின்ட் ஸ்கிரீன்" இரண்டையும் அழுத்தியபடி ஆர், இ, ஐ, எஸ், யு, பி என்ற ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக, சற்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். தகவல்களைப் பத்திரப்படுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும். சில கம்ப்யூட்டர்களில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும். அப்போதுதான் பவர் பொத்தானை நாடவேண்டும்.

அடுத்து, பழைய கர்னலில் ஓட்டிப் பாருங்கள். புதிய கர்னல் வந்தாலும், பழையதைப் பெரும்பாலும் அழிக்காமல் வைத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பழையதில் பல நாள் நிற்காமல் ஓடி, புதியதில் மட்டும் நின்றால், சந்தேகம் புதிய கர்னல் பக்கம் திரும்பும். இரண்டிலும் நின்றால், சூடு, நினைவகம், பவர் சப்ளை ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும்.

பழைய கர்னலிலேயே காலம் தள்ளலாமா? கூடாது. திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் புதிய கர்னல்கள்தான். திருத்தம் வரும் வரைதான் பழையது துணை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். நான்கு மருந்தை ஒன்றாகச் சாப்பிட்டால், எது குணப்படுத்தியது என்று எப்படித் தெரியும்?

40 பக்க நோட்டு

எல்லாவற்றையும் விட முக்கியமான கருவி, ஒரு 40 பக்க நோட்டு!

நின்ற தேதி, நேரம், அப்போது நடந்த வேலை, எந்தக் கர்னல், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததா என்ற ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். கம்ப்யூட்டரும் தன் நாட்குறிப்பை எழுதிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், சட்டென்று நின்றுபோனால் கடைசி வரியை எழுத அதற்கு நேரம் இருக்காது. அந்த வரியை மனிதர்தான் எழுதவேண்டும்.

பிள்ளைப்பாக்கத்துப் பெண்ணிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தால், சூப்பர்வைசரிடம் இப்படிக் காட்டுவாள்:

"பாருங்க சார், இந்த வாரம் நாலு தடவை நின்னிருக்கு. நாலும் புது கர்னல் போட்ட அப்புறம்தான். நாலு தடவையும் பெட்டி வராம லைன் சும்மா இருந்த நேரம். ரெண்டு தடவை நான் லீவு!"

அந்த நோட்டைப் பார்த்ததும் நிபுணருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

அவள் மீது விழுந்த பழியும் நீங்கிவிடும். "நான் ஒண்ணும் செய்யலை" என்று அவள் சொன்னது உண்மைதானே!