ஒத்துக்காரர் இல்லாத சுருதி

உடன்குடி வட்டாரத்தில் கோயில் கொடையானாலும் கல்யாண வீடானாலும், நாகசுரக்காரருக்குச் சுருதி தருவது இன்று பெரும்பாலும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டிதான். ஒரே சுரத்தை மூச்சு முறியாமல் ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்காரர், துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தபோதே ஓரம்போனார்; மின்சுருதி வந்தபின் அவரைப் பார்ப்பதே அரிது. 1970-களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புரா, கச்சேரி மேடையிலும் இதே மாற்றத்தைத் தொடங்கிவைத்தது. மேலைநாடுகளில் கிட்டார்க்காரர்களின் கதையும் வேறல்ல. 1998-இல் வந்த லைன் 6 பாட், 2011-இல் வந்த கெம்பர் போன்ற கருவிகள் வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்குகின்றன. தூக்க இருவர் வேண்டியிருந்த பெட்டிகள் பல மேடைகளை விட்டு இறங்கிவிட்டன. “என்ன இருந்தாலும் அசல் ஒலி வராது” என்ற புலம்பல் இரண்டு இடத்திலும் கேட்கிறது. அது வலுவில்லாத வாதம் என்பது என் எண்ணம். இழப்பு உண்டு, ஆனால் அது ஒலியில் இல்லை.

தம்புராவின் ஒலியில் மாயம் எதுவும் இல்லை என்பதை 1921-லேயே சி.வி. ராமன் காட்டிவிட்டார். ஒரு தந்தியை மீட்டினால், மீட்டும் புள்ளியில் கணு கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் கணீரென்று எழுகின்றன. அகன்று வளைந்த குதிரையின் மேல் தந்தி உரசி உரசி அதிர்வதும், அடியில் செருகும் ஜீவா நூல் அந்த உரசலைச் சீராக்குவதுமே காரணம். வால்வும் தன் வழியில் விதியை மீறுகிறது: உள்ளே வரும் ஒலி வலுத்தால் அதே அளவில் பெருக்காமல், மெல்ல அமுக்கி, இல்லாத மேற்சுரங்களைச் சேர்த்துவிடுகிறது. இந்த மீறல்கள் எல்லாம் கணக்குக்குள் அடங்குபவை. கணக்குக்குள் அடங்குவதை மென்பொருள் செய்யும், செய்தும்விட்டது. சுருதி கலைந்த தம்புராவைவிட நல்ல பெட்டி எவ்வளவோ மேல்.

ஒத்து செய்தது வேறு வேலை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். குழலுக்குள் பத்து டிகிரி ஏறினால், சுருதி அரைச்சுரத்தில் கால் பங்குக்கும் மேல் உயர்ந்துவிடும். சீவாளி எச்சிலில் ஊறுவதும் சுருதியை அசைக்கும். நண்பகல் வெயிலில் புறப்பட்ட ஊர்வலம் கடற்காற்று வீசும் மாலையில் முடிந்தால், நாகசுரம் தொடங்கிய இடத்தில் நிற்காது. ஒத்தும் சீவாளி வைத்து மூச்சால் ஊதும் குழல்தான், அதே வெயிலில் வருவதுதான். ஆகவே அதுவும் ஏறக்குறைய அதே பக்கம் நகரும். மிச்சத்தை ஒத்துக்காரரின் உதடு சரிக்கட்டும். பெட்டியோ புறப்படும்போது வைத்த சுருதியிலேயே நிற்கும். சரிக்கட்டும் பாரம் முழுவதும் நாகசுரக்காரரின் உதட்டில் விழும்.

அப்படியானால் வாசிப்பவரைக் கேட்டுத் தொடரும் பெட்டியைச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். இன்றைய தொழில்நுட்பத்துக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் எல்லாவற்றையும் தொடரும் சுருதி, வாசிப்பவரின் பிழையையும் தொடரும். பிறகு அது சுருதியே அல்ல. குழல் சூடேறி நகர்ந்ததா, வாசிப்பவர் தவறினாரா என்று பிரித்தறிந்து, முன்னதற்கு இணங்கி, பின்னதற்கு இணங்காமல் நிற்கக் காது பழக வேண்டும். அதனால்தான் நாகசுரம் கற்க வந்த பையன் குருவின் பக்கத்தில் நின்று ஒத்து ஊதினான். மணிக்கணக்கில் ஒரே சுரம்; சலிப்பான வேலைதான், ஆனால் அவனுக்கு அதுவே பள்ளிக்கூடம்.

ஓர் ஆளுக்குக் கூடுதல் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. அன்றாட பூசைக்கும் சிறு விசேஷங்களுக்கும் பெட்டி போதும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நாகசுர மாணவருக்கு ஒத்து ஊதுவதை முதலாண்டுப் பயிற்சியாக வைக்கட்டும். கொடை நடத்தும் விழாக் குழுக்கள் ஒருநாள் மேளத்துக்காவது அந்த மாணவர்களில் ஒருவரை அழைத்துக் கூலி கொடுக்கட்டும்.