முடக்குவாதமும் உடலில் ஊறும் மருந்தும்

விடியற்காலையில் விரல்களை மடக்கவும் இயலாது, நீர் நிறைந்த செம்பைத் தூக்கவும் மாட்டாது வருந்துவோரை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பகல் ஏற ஏற அவ்விறுக்கம் சிறிது சிறிதாகத் தளரும். இதனை 'வாதம்' என்று பொதுப்படக் கூறிவிடுதல் உலக வழக்கு. ஆயின், மூட்டுத் தேய்வினால் வரும் வலி வேறு. மூட்டின் உட்சவ்வு அழன்று வீங்கும் முடக்குவாதம் வேறு. பின்னதில், உடலைக் காத்தற்கு அமைந்த எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து மூட்டுக்களைத் தாக்குகின்றது. வேலியே பயிரை மேய்தல் போன்ற இந்நோயைத் தணிக்கும் பொருளும் உடலினுள்ளேயே ஊறுகின்றது என்பது வியப்பன்றோ? அதன் இயல்பை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில், மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய பிலிப் ஹென்ச் என்பார் 1929-ஆம் ஆண்டில் ஒரு புதுமையைக் கண்டார். முடக்குவாதமுற்ற ஒருவர்க்குக் காமாலை கண்டது. அதனோடு மூட்டுவலியும் தணிந்தது. கருவுற்ற மகளிர் பலரிடத்தும் இந்நோய் தணிந்து, மகப்பேற்றின்பின் மீண்டும் தலையெடுத்தலை அவர் நோக்கினார். தானே தணியும் நோயாயின், தணிக்கும் பொருளொன்று உடலில் இருத்தல் வேண்டும் எனக் கருதினார். அந்நிலையத்து வேதியியலறிஞர் எட்வர்டு கெண்டால், சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பியின் புறணியினின்று பல பொருள்களைப் பிரித்திருந்தார். அவற்றுள் 'ஈ' எனப்பெற்றதனை, 1948 செப்டம்பர் 21-ஆம் நாள், நடத்தற்கும் அரிதாய்க் கிடந்த 29 வயது மாது ஒருவர்க்கு ஊசிவழிச் செலுத்தினர். சின்னாளில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்கும் சென்று வந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கார்ட்டிசோன் உடலினுள் கார்ட்டிசாலாக மாறியே தொழிற்படும். கார்ட்டிசாலோ நம் அட்ரீனல் சுரப்பியில் நாடோறும் ஊறும் ஸ்டிராய்டு ஹார்மோன் ஆகும். அஃது உயிரணுவினுட் புகுந்து, தன்னை ஏற்கும் புரதத்தோடு கூடி, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உண்டாகாவண்ணம் தடுக்கின்றது. அழற்சிப் பொருள்களும் தம் பங்கிற்கு மூளையையும் பிட்யூட்டரிச் சுரப்பியையும் எழுப்பிக் கார்ட்டிசாலை மிகுவிக்கின்றன. இங்ஙனம் ஒன்றையொன்று அளந்து நிற்பதே இயற்கையின் ஒழுங்கு. முடக்குவாதமுற்றோர் பலரிடத்து, அழற்சியின் மிகுதிக்கேற்பக் கார்ட்டிசால் உயர்வதில்லை. மேலும், அது நள்ளிரவையொட்டிக் குறைந்து விடியலில் உயர்வது. அழற்சிப் பொருள்களோ பின்னிரவில் ஓங்குவன. காலை இறுக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்பாலாரினும் பெண்பாலார்க்கு இந்நோய் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகின்றது. பால்சார்ந்த ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு. டெஸ்டாஸ்டிரோன் பெரும்பாலும் எதிர்ப்பாற்றலை அடக்கும். ஈஸ்ட்ரோஜனோ தன் அளவிற்கேற்ப அடக்கவும் தூண்டவும் வல்லது.

இனி, எச்சரிக்கையொன்று கூறுதல் நம் கடமை. கார்ட்டிசோன் நோயை அடக்கியதேயன்றி வேரறுக்கவில்லை. நிறுத்திய அளவில் நோய் மீண்டது. நெடுநாள் மிகுதியாக உட்கொள்வோர்க்கு முகம் பருக்கும், எலும்பு மெலியும், குருதியிற் சர்க்கரை ஏறும், தொற்றுநோய் எளிதிற் பற்றும். புறத்தே இருந்து மருந்து வந்துகொண்டிருப்பின் அட்ரீனல் சுரப்பி தன் தொழிலை மறந்து உறங்கும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துதல் உயிர்க்கே இடையூறாகும். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். ஒரே நாளில் வலியைப் போக்கும் பெயரறியாப் பொடிகள் சிலவற்றில் ஸ்டிராய்டு கலந்திருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. அவற்றை உண்போர், தாம் உண்பது இன்னதென்று அறியாமலே இக்கேட்டிற்கு ஆளாகின்றனர்.

இக்காலத்து மருத்துவர் மெத்தோட்ரெக்சேட்டு முதலிய மருந்துகளால் எதிர்ப்பாற்றலை நெறிப்படுத்தி, ஸ்டிராய்டைக் குறைந்த அளவிற் சிறிது காலமே துணைகொள்கின்றனர். நோய் தொடங்கிய சில திங்களுள் மருத்துவரை நாடின் மூட்டுக்கள் சிதையாது காக்கலாம். ஆதலின், நம் இல்லத்தில் எவரேனும் காலைதோறும் விரல் மடங்காது வருந்துவாராயின், முதுமையென்று வாளாவிராது, அவரை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.